ஆஸ்பத்திரிச் சுவருக்குள் ஓடும் குழாய்கள்

ரத்தத்தையும் மருந்தையும் சுமந்து செல்லும் காற்றுக் குழாய்களைப் பொருத்திய நாளோடு நிர்வாகத்தின் கடமை தீர்ந்துவிடுகிறதா?

இரவு இரண்டு மணி. நெடுஞ்சாலை விபத்தில் அடிபட்ட ஒரு வாலிபனை, அமெரிக்க நகரம் ஒன்றின் பெரிய ஆஸ்பத்திரியில், அவசர சிகிச்சைப் பிரிவின் மேஜைமீது கிடத்தியிருக்கிறார்கள். அவன் வயிற்றுக்குள் எங்கோ ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது. நாடி விரைகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது. நர்ஸ் ஒருத்தி அவன் கையிலிருந்து எடுத்த ரத்தத்தைச் சிறு குழல்களில் நிரப்பி, ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு ஒட்டி, கசியாத பிளாஸ்டிக் பையில் இட்டு, உள்ளே மெத்தை வைத்த ஓர் உருளைக் கூட்டில் அடைத்து, மூடியை அழுத்திப் பூட்டி, சுவரில் திறந்திருக்கும் குழாயின் வாயில் வைத்துப் பரிசோதனைக்கூடத்தின் எண்ணை அழுத்துகிறாள். சுவருக்குள் காற்று உறிஞ்சும் ஓசை ஒன்று எழுந்து அடங்குகிறது. மூன்று மாடிக்குக் கீழே, மற்றொரு கட்டடத்தின் கோடியில் இருக்கும் பரிசோதனைக்கூடத்துக்கு அந்தக் கூடு போய்ச் சேர ஓரிரு நிமிஷங்களே ஆகும். பிறகு வகை பொருத்திப் பார்த்த ரத்தப் பைகளும் அதே குழாய் வழியாகவே மேலேறி வரும். நர்ஸோ எண்ணை அழுத்திய கணமே நோயாளியின் பக்கம் திரும்பிவிட்டாள். கூடு போய்ச் சேருமா என்ற ஐயம் அவள் மனத்தில் எழவே இல்லை.

அவ்வாறு ஐயமின்றி அவள் திரும்பக்கூடியதாக இருப்பதுதான் அந்தக் குழாய் அமைப்பின் முழுப் பயனும். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக, கூரைக்கு மேலும் சுவருக்கு உள்ளும் நிலவறையிலும் மறைந்திருக்கும் யந்திரங்களை யாரோ ஒருவர் தேய்மானம் பார்த்து மாற்றியிருக்க வேண்டும். அவற்றை ஆட்டுவிக்கும் மென்பொருளை யாரோ ஒருவர் காலத்துக்கேற்பப் புதுப்பித்திருக்க வேண்டும். குழாய் நின்றுபோனால் என்ன செய்வது என்பதை யாரோ ஒருவர் முன்கூட்டி யோசித்திருக்க வேண்டும். இந்த மூன்று ‘யாரோ ஒருவர்’களும் பெயரும் பொறுப்பும் உடையவர்களாக இருக்கிறார்களா என்று கேட்டால், உலகத்தின் மிகச் சிறந்த ஆஸ்பத்திரிகளிற்கூடப் பதில் தயக்கத்தோடுதான் வரும்.

காற்று செய்யும் வேலை

நியூமேட்டிக் டியூப் எனப்படும் இந்தக் காற்றுக் குழாய் அமைப்பின் தத்துவம் எளிமையானது. ஒரு முனையில் ‘புளோயர்’ என்னும் ஊதுயந்திரம் காற்றை உறிஞ்சினால் கூடு அதை நோக்கி இழுக்கப்படுகிறது; அதே யந்திரம் காற்றை உந்தினால் கூடு எதிர்த்திசையில் தள்ளப்படுகிறது. வழியில் குழாய்கள் கிளை பிரியும் இடங்களில், ரயில் பாதையின் பாயிண்டு மாற்றப்படுவதுபோல, ‘டைவர்ட்டர்’ என்ற திருப்பி நகர்ந்து கூட்டை வேண்டிய கிளைக்குச் செலுத்துகிறது. கூடு கடக்கும் இடங்களில் உணரிகள் அதைக் கண்டு கணிப்பொறிக்குச் செய்தி சொல்லுகின்றன. நிலையத்தை நெருங்கும்போது காற்றழுத்தத்தை மாற்றி வேகத்தைக் குறைத்து, அது மெல்ல வந்து அமரும்படி செய்யவேண்டியதும் அந்தக் கணிப்பொறியின் பொறுப்பே. விநாடிக்கு 6 முதல் 8 மீட்டர் வரை சாதாரண வேகம். ரத்தப் பைகள் போன்றவற்றுக்கு அதிற் பாதியோ அதற்கும் குறைவோ வைப்பார்கள்.

கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு சர்வகலாசாலை ஆஸ்பத்திரி தன் அமைப்பைப் பற்றி 2010-இல் வெளியிட்ட விவரங்கள் அதன் விரிவை உணர்த்தும். சுமார் நான்கு மைல் நீளக் குழாய், 124 நிலையங்கள், 29 புளோயர்கள், நாளொன்றுக்கு 7,000 தடவை கூடுகள் போக்குவரத்து. கணிப்பொறி யுகத்தின் தலைநகரமான சிலிக்கன் பள்ளத்தாக்கிலேயே அமைந்திருக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கும், ஒரு துளி ரத்தத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு விரைந்து சேர்க்க, பத்தொன்பதாம் நூற்றாண்டின் காற்றுக் குழாயே வேண்டியிருக்கிறது. செய்தியைக் கம்பியிலும் அலையிலும் அனுப்பலாம். ரத்தத்தை அவ்வாறு அனுப்ப முடியாது.

---

பெட்டிச் செய்தி: தபாலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு

1853: லண்டனில் மின் தந்திக் கம்பெனியின் தலைமை நிலையத்துக்கும் பங்குச் சந்தைக்கும் இடையே, தந்திச் செய்திகளை அனுப்ப ஜோசையா லாட்டிமர் கிளார்க் காற்றுக் குழாய் அமைத்தார்.

1866: பாரிஸ் நகரில் காற்றுக் குழாய்த் தபால் தொடங்கியது, 1984 வரை நடைபெற்றது.

1897: நியூயார்க்கில் தபால் குழாய்கள் செயற்படத் தொடங்கின, 1953-இல் அங்கே அந்தச் சேவை முடிவுற்றது.

2002: பிராக் நகரத்தின் காற்றுக் குழாய்த் தபாலை ஆகஸ்டு மாத வெள்ளம் பாழாக்கியது, அதன் பிறகு அது இயங்கவில்லை.

தபாலிலாகா கைவிட்ட சாதனத்தை ஆஸ்பத்திரிகள் பற்றிக்கொண்டன.

---

கண்ணுக்குத் தெரியாமல் சிதையும் ரத்தம்

குழாயில் கூடு சிக்கிக்கொண்டால் உடனே தெரிந்துவிடும். மணி அடிக்கும், விளக்கு எரியும், ஊழியர் ஓடி வருவார்கள். ஆனால் கூடு குறித்த நேரத்தில், குறித்த இடத்துக்கு, மூடி கழலாமல் வந்து சேர்ந்து, உள்ளே இருக்கும் ரத்தம் மட்டும் வழியிற்பட்ட அதிர்ச்சியால் கெட்டுப்போயிருந்தால், அந்தக் கேட்டை அறிவிக்க மணியும் இல்லை, விளக்கும் இல்லை. இந்த விஷயத்தைப் பற்றி எழுதப் புகுந்தபோது நம்மை அதிகமாகக் கவலைகொள்ளச் செய்தது இதுதான்.

ரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் பொட்டாசியம் என்னும் உப்புச் சத்து, வெளியே உள்ள பிளாஸ்மாவில் இருப்பதைக் காட்டிலும் இருபது மடங்குக்கு மேல் செறிந்திருக்கிறது. கூர்மையான வளைவில் கூடு மோதினாலோ, வேகத்தைக் குறைக்கவேண்டிய இடத்தில் குறைக்காமல் நிலையத்தில் வந்து விழுந்தாலோ, குழலில் ரத்தம் பாதியே நிரம்பி மீதிப் பாதியில் காற்று நின்று ரத்தம் நுரை தள்ளக் குலுங்கினாலோ, அணுக்கள் உடைந்து உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கலந்துவிடுகிறது. அப்போது பரிசோதனைக்கூடத்து யந்திரம் நோயாளியின் பொட்டாசியம் அபாயகரமாக உயர்ந்திருப்பதாகக் காட்டும். உண்மையாகவே அவ்வளவு உயர்ந்திருந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகவும் கூடும் என்பதால், டாக்டர் உடனே அதை இறக்கும் மருந்துகளைத் தர முற்படுவார். உண்மையில் உயராத பொட்டாசியத்தை இறக்கினால் அதுவே இதயத்துக்கு மற்றொரு ஆபத்தாகிவிடும். இதற்கு நேர்மாறான தவறும் நேரலாம். நோயாளியின் பொட்டாசியம் மெய்யாகவே குறைந்திருக்க, உடைந்த அணுக்களிலிருந்து வந்த பொட்டாசியம் அந்தக் குறைவை மறைத்து, எல்லாம் சரியாக இருப்பதாகப் பொய்ச் சாட்சி சொல்லிவிடக்கூடும்.

அணுக்கள் உடைந்த ரத்தத்தின் தெளிநீர் சிவந்து காணப்படும். நவீன யந்திரங்கள் அந்தச் சிவப்பை அளந்து எச்சரிக்கவும் செய்கின்றன. பரிசோதனைக்கூடங்களில் மாதிரிகள் நிராகரிக்கப்படுவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இவ்வாறு அணுக்கள் உடைவதுதான். அதில் ரத்தம் எடுக்கும் முறையின் பிழைக்குப் பெரும் பங்கு உண்டு என்றாலும், குழாயின் பங்கும் சிறிதன்று. நிராகரித்தால் நோயாளியை மறுபடியும் ஊசியால் குத்த வேண்டும். வளர்ந்தவர்களுக்கு அது ஒரு சிறு வேதனை. குறைமாதத்தில் ஒரு கிலோ எடையோடு பிறந்த சிசுவின் உடலிலோ மொத்தமாக ஓடும் ரத்தமே நூறு மில்லிலிட்டருக்கு உட்பட்டது. அதிலிருந்து இரண்டாம் தடவை எடுக்கப்படும் ஒவ்வொரு துளிக்கும் யாராவது கணக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இன்னும் நுட்பமான ஒரு விபரீதமும் உண்டு. வெள்ளணுக்கள் பல மடங்கு பெருகும் ஒருவகை ரத்தப் புற்றுநோயில் அந்த அணுக்கள் மிகவும் நலிந்தவை. சிவப்பணுக்கள் உடையாத அளவு மெல்லிய குலுக்கலிலேயே அவை உடைந்து பொட்டாசியத்தை வெளியிடுகின்றன. தெளிநீர் சிவப்பதில்லை, யந்திரம் எச்சரிப்பதில்லை. அத்தகைய நோயாளியின் ரத்தத்தைக் குழாயில் அனுப்பாமல் கையில் எடுத்துச் சென்று பார்த்தபோதுதான், உயர்ந்ததாகத் தோன்றிய பொட்டாசியம் உண்மையில் சரியாகவே இருந்தது என்று டாக்டர்கள் கண்டறிந்த செய்திகள் வைத்திய சஞ்சிகைகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன.

இவையெல்லாம் நேற்றுக் கண்டுபிடித்த விஷயங்கள் அல்ல. காற்றுக் குழாயில் அனுப்பப்பட்ட ரத்த மாதிரிகளைப் பரிசோதித்த ஆராய்ச்சி 1971-லேயே ‘கிளினிக்கல் கெமிஸ்ட்ரி’ என்னும் சஞ்சிகையில் வெளியாகியிருக்கிறது. பரிகாரமும் தெரிந்ததே. ஒரே நபரிடமிருந்து ஒரே சமயத்தில் எடுத்த இரண்டு குழல்களில் ஒன்றைக் குழாயிலும் மற்றொன்றைக் கையிலும் அனுப்பி, விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கூட்டுக்குள் அதிர்ச்சியை அளந்து பதிவுசெய்யும் சிறு கருவியொன்றை வைத்து எல்லா வழிகளிலும் ஓடவிட்டு, எந்த வளைவில், எந்த நிலையத்தில் மோதல் அதிகம் என்று கண்டுபிடிக்கலாம். அமைப்பைத் திறந்துவைக்கும் வேளையில் பல ஆஸ்பத்திரிகள் இந்தச் சோதனையைச் செய்கின்றன. ஆனால் அதன் பிறகு புதிய கட்டடம் எழும்புகிறது, குழாய் நீட்டப்படுகிறது, இரண்டு வளைவுகள் கூடுகின்றன, புளோயர் மாற்றப்படுகிறது, மெத்தைகள் கிழிந்து எறியப்படுகின்றன. ஒவ்வொரு மாறுதலுக்கும் பிறகு அதே சோதனையைத் திரும்பச் செய்யவேண்டும் என்ற நியதியை விடாமல் கடைப்பிடிக்கும் நிர்வாகமே உண்மையில் பராமரிக்கும் நிர்வாகம் என்று நாம் கருதுகிறோம். எண்ணெய் இடுவதும் வடிகட்டி மாற்றுவதும் யந்திரத்தைக் காப்பாற்றும். நோயாளியைக் காப்பாற்றுவது இந்தச் சோதனை.

---

பெட்டிச் செய்தி: குழாயில் ஏற்றக்கூடாதவை

திரும்ப எடுக்க முடியாத மாதிரிகளைக் கையில் எடுத்துச் செல்வதே நல்ல வழக்கம். முதுகுத் தண்டிலிருந்து எடுத்த திரவமும், ஃபார்மலினில் இட்ட திசுத் துண்டும் இந்த வகையைச் சேர்ந்தவை.

ரத்தத் தட்டணுக்களின் செயல்திறனைச் சோதிக்க எடுத்த ரத்தம் குலுங்கினால் விடை மாறும். ரத்தத்திலுள்ள பிராணவாயுவை அளக்க எடுத்த ஊசிக்குழலில் காற்றுக் குமிழி நின்றுவிட்டால், குழாய்ப் பயணம் அளவைப் பிசகச் செய்யும்.

புற்றுநோய்க்கான நச்சு மருந்துகள் வழியில் சிந்தினால் குழாய் முழுவதும் அசுத்தமாகும். குலுங்கினால் நுரைத்துக் கெடும் புரத மருந்துகளுக்கும் இந்த வழி ஏற்றதன்று.

கோவிட் தொற்றின்போது 2020 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட வழிகாட்டுதல், இயன்றவரை மாதிரிகளைக் கையிலேயே கொண்டு செல்லவேண்டும் என்றும் காற்றுக் குழாயைப் பயன்படுத்தலாகாது என்றும் கூறியது.

---

தேய்மானத்தின் கதை

கூட்டின் இரு முனைகளிலும் கம்பளித் துணி போன்ற பட்டை ஒன்று சுற்றப்பட்டிருக்கும். குழாயின் உட்சுவரோடு ஒட்டி உராய்ந்து, காற்று பக்கவாட்டில் ஒழுகிவிடாமல் தடுப்பது அதன் வேலை. ஆகவே தேய்வதே அதன் விதி. தேய்ந்துவிட்டால் காற்று ஒழுகும், கூடு தயங்கும், மேல்நோக்கிய செங்குத்தான குழாயில் ஏறமாட்டாமல் நிற்கும். பட்டையின் விலை அற்பம். அதை மாற்றாமல் விட்டதால் ஒரு பகுதி முழுவதும் முடங்கி, பின்னால் வரும் கூடுகள் எல்லாம் காத்து நிற்கும்போது ஏற்படும் நஷ்டத்துக்கு விலை சொல்வது எளிதன்று.

மூடியின் கொக்கியும் அப்படித்தான். நாள் முழுவதும் திறந்தும் மூடியும் தளர்ந்துபோன கொக்கி நடுவழியில் விட்டுக்கொடுத்தால், மூடி விரிந்து குழாயை அடைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ உடைந்து ரத்தம் குழாயின் உட்புறத்தில் பூசிக்கொள்ளும். அதன் பிறகு அந்தப் பகுதியை நிறுத்தி, கிருமிநாசினி தோய்ந்த துடைப்புக் கூடுகளை ஓடவிட்டு, அந்த வழியே போன மற்றக் கூடுகளையும் தேடிப் பிடித்துச் சுத்தம் செய்தாகவேண்டும். இவற்றோடு புளோயரின் பேரிங், காற்று வடிகட்டி, திருப்பிகளின் மோட்டார், தூசி படிந்து கண் மங்கிப்போகும் உணரிகள் என்று பராமரிப்பாளர் கவனிக்கவேண்டிய பட்டியல் நீளுகிறது. தீத்தடுப்புச் சுவர்களைக் குழாய் துளைத்துச் செல்லும் இடங்களும் அதில் சேரவேண்டும். தீப்பிடித்தால் தானே அடைத்துக்கொள்ளும் வளையம் அங்கே இருக்கவேண்டும்; புதுக் கிளை இழுக்கும் அவசரத்தில் அது விடுபட்டால், ஒரு மாடியின் புகை மறு மாடிக்கு ஏறச் சுவரே வழிவிட்டதாகும்.

கூடுகள் காணாமற்போகும் விஷயத்தையும் இங்கே சொல்லவேண்டும். ஒவ்வொரு வார்டும் அவசரத்துக்கு உதவும் என்று காலிக் கூடுகளைத் தன்னிடமே வைத்துக்கொள்ள, ரத்த வங்கியும் மருந்தகமும் கூடின்றித் தவிப்பது குழாய் அமைப்பு உள்ள இடமெங்கும் கேட்கும் முறையீடு. ஒவ்வொரு கூட்டுக்கும் மின் அடையாளச் சில்லு பொருத்தி, அது இருக்குமிடத்தைக் கணிப்பொறி அறிந்து, காலியானதும் உரிய நிலையத்துக்குத் திருப்பி அனுப்பும் வசதி இப்போது வந்திருக்கிறது. போதை தரும் வலிநிவாரண மருந்துகளை அனுப்பும்போது, பெறுபவர் தம் அடையாள அட்டையைக் காட்டினாலொழியக் கூடு வெளியே வராதபடி செய்யவும் முடிகிறது. புதுமை என்று நாம் வற்புறுத்துவது இத்தகைய பயன்களைத்தான். ஆயினும் இந்தப் புதுமைகள் எல்லாம் கணிப்பொறியையும் வலைப்பின்னலையும் நம்பி நிற்பவை; அங்கேதான் 2021-இல் உலகம் ஓர் அதிர்ச்சியைக் கண்டது.

ஒன்பது ஓட்டைகள்

ஸ்விட்சர்லாந்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஸ்விஸ்லாக் ஸ்தாபனத்தின் ‘டிரான்ஸ்லாஜிக்’ என்னும் குழாய் அமைப்பு உலகெங்கும் 3,000-க்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிகளில் இயங்குகிறது; வட அமெரிக்காவின் பெரிய ஆஸ்பத்திரிகளில் 80 சதவீதத்துக்கு மேல் அதைத்தான் பயன்படுத்துகின்றன என்று சொல்லப்பட்டது. அதன் நிலையங்களில் இருக்கும் ‘நெக்சஸ்’ என்ற கட்டுப்பாட்டுப் பலகையை, ஆர்மிஸ் என்னும் கணிப்பொறிப் பாதுகாப்புக் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் பென் சேரி, பராக் ஹதாத் ஆகிய இருவரும் பிரித்துப் பார்த்து, ஒன்பது பலவீனங்களைக் கண்டுபிடித்தார்கள். 2021 மே மாதம் முதலில் ஸ்விஸ்லாக்குக்கே தெரிவித்து, அது திருத்தம் தயாரிக்கும் வரை பொறுத்திருந்து, ஆகஸ்டு 2-ஆம் தேதி உலகுக்கு வெளியிட்டார்கள். ‘பவுன்ட்பைப்பர்’ என்று அந்த ஓட்டைகளின் தொகுதிக்குப் பெயரிட்டார்கள்.

அவற்றுட் சிலவற்றைப் பார்த்தாலே நிலைமை விளங்கும். நிலையத்தின் மென்பொருளில் கடவுச்சொற்கள் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டிருந்தன. ஆஸ்பத்திரி விரும்பினாலும் அவற்றை மாற்ற வழியில்லை. தூரத்திலிருந்து யந்திரத்தோடு பேச உதவும் டெல்நெட் என்னும் பழைய வாயில் எப்போதும் திறந்தே இருந்தது. புதிய மென்பொருள் என்று எதைக் கொடுத்தாலும், அது உண்மையாகவே கம்பெனியிடமிருந்து வந்ததுதானா என்று சரிபார்க்காமல் யந்திரம் ஏற்றுக்கொண்டது. ஆஸ்பத்திரியின் வலைப்பின்னலுக்குள் எப்படியாவது நுழைந்துவிட்ட ஒருவன் இந்த வழிகளால் ஒரு நிலையத்தைப் பிடித்து, அதிலிருந்து எல்லா நிலையங்களையும் வசப்படுத்த முடியும். வசப்படுத்தியவன் குழாய்களை நிறுத்திவைத்துப் பணம் கேட்கலாம். கூடுகளை வேறு இடத்துக்குத் திருப்பலாம். மெல்லச் செல்லவேண்டிய ரத்தத்தை வேகமாக ஓடவிட்டுக் கெடுக்கலாம். ஊழியர்களின் அடையாள அட்டை விவரங்களைத் திருடலாம்.

கம்பெனி தன் பக்கத்து நியாயமாக, ஆஸ்பத்திரியின் வலைப்பின்னலுக்குள் ஒருவன் முதலில் புகுந்தால்தான் இந்த அபாயம் நிகழும் என்று எடுத்துரைத்தது. அது உண்மையே. ஆனால் ஆஸ்பத்திரி வலைப்பின்னல்களுக்குள் அந்நியர் புகுவது அந்தக் காலத்தில் அரிதாக இருக்கவில்லை. அதே 2021 மே மாதத்தில்தான் அயர்லாந்து நாட்டுப் பொதுச் சுகாதார சேவையின் கணிப்பொறி அமைப்பு முழுவதும், கணிப்பொறிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தாக்குதலால் முடங்கியது. ஆகஸ்டில் வெளியான 7.2.5.7 என்ற எண்ணுள்ள திருத்தம் ஒன்பதில் எட்டு ஓட்டைகளை அடைத்தது. மென்பொருளின் மூலத்தைச் சரிபாராமல் ஏற்கும் குறை பிற்பாடு தீர்க்கப்படுவதாக எஞ்சியது. அதுவரை டெல்நெட் வாயிலை அடைத்து, குழாய் அமைப்பை மற்றக் கணிப்பொறிகளிலிருந்து பிரித்துத் தனி வலைப்பின்னலில் வைக்கும்படி ஆஸ்பத்திரிகளுக்கு யோசனை கூறப்பட்டது.

ஒரு கம்பெனியின் பலகையில் இருந்த குறை என்று இதை ஒதுக்கிவிட நம் மனம் ஒப்பவில்லை. கட்டடத்தோடு சேர்த்துக் கட்டிய குழாய் பல பத்தாண்டுகள் உழைக்கும். அதை ஆளும் மென்பொருளின் ஆயுளோ சில வருஷங்கள்தாம். இந்த இரண்டு ஆயுட்காலங்களையும் ஒன்றாக எண்ணி, குழாய் ஓடுகிறதே, மென்பொருளுக்கு என்ன குறை என்று இருந்துவிடுவது எந்தக் கம்பெனியின் சரக்கை வாங்கியிருந்தாலும் ஆபத்தையே தரும். இரும்புக் குழாயில் ஓட்டை விழுந்தால் காற்று ஒழுகிக் காட்டிக்கொடுத்துவிடும். மென்பொருளில் விழுந்த ஓட்டை, நாள்தோறும் ஆயிரக்கணக்கான கூடுகள் தடங்கலின்றி ஓடிக்கொண்டிருக்கும்போதும் திறந்தேதான் இருக்கும்.

---

பெட்டிச் செய்தி: திருத்தம் இருந்தும் போடாததன் விலை

2017 மார்ச் 14: விண்டோஸ் மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்டது.

2017 மே 12: அந்தத் திருத்தத்தைப் போடாத கணிப்பொறிகளில் ‘வானாகிரை’ என்னும் பணயத் தாக்குதல் மென்பொருள் புகுந்தது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார சேவையில் ‘டிரஸ்டு’ எனப்படும் 236 நிர்வாக அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. 19,000-க்கு மேற்பட்ட நோயாளிச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று மதிப்பிடப்பட்டது.

---

குழாய் நின்றால்

ஆஸ்பத்திரிகள் காற்றுக் குழாயை நம்பத் தொடங்கியபோது, அந்த நம்பிக்கையின்மீது வேறு பல காரியங்களையும் கட்டிவிட்டன. மாடிக்கு ஒரு சிறு பரிசோதனைக்கூடம் இருந்த நிலைமை மாறி, எல்லாம் ஒரே பெரிய கூடமாக நிலவறைக்குப் போயிற்று. மருந்தகமும் அவ்வாறே ஓரிடத்தில் குவிந்தது. மாதிரிகளை எடுத்துச் செல்ல இருந்த ஊழியர்கள் குறைக்கப்பட்டார்கள். நர்ஸுகளின் எண்ணிக்கையும், அவர்கள் ஒரு மணி நேரத்தில் கவனிக்கவேண்டிய நோயாளிகளின் எண்ணிக்கையும் குழாய் ஓடுகிறது என்ற அனுமானத்திலேயே கணக்கிடப்பட்டன. ஆகவே குழாய் நிற்கும் நாளில் போக்குவரத்தோடு சேர்ந்து அந்தக் கணக்குகளும் நின்றுபோகின்றன. ஒரு ரத்தக் குழலை எடுத்துக்கொண்டு நர்ஸ் லிப்டுக்காகக் காத்து நிற்கும் பத்து நிமிஷமும் அவளுடைய நோயாளி தனியாக இருக்கிறார்.

பகல் வேளையில் ஆட்களைத் திரட்டி ஓடவிட்டுச் சமாளிக்கலாம். நள்ளிரவில், பாதி ஊழியர்களே இருக்கும் நேரத்தில், அவசர சிகிச்சையிலிருந்து ரத்த வங்கிக்கு எந்த வழியாக, எந்த லிப்டில், எந்தக் கதவின் சாவியோடு போவது என்று அறிந்த ஆள் யார்? முன்னதாக எழுதி ஒட்டி, வருஷத்துக்கு இரண்டு முறையாவது குழாயை வேண்டுமென்றே நிறுத்திப் பயிற்சி பார்த்தாலன்றி இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. தீயணைப்புப் பயிற்சி நடத்தாத ஆஸ்பத்திரிக்கு எந்த அதிகாரியும் சான்றிதழ் தரமாட்டார். குழாய் நிறுத்தப் பயிற்சிக்கும் அந்த அந்தஸ்தைக் கொடுக்கவேண்டும் என்பது நம் திடமான அபிப்பிராயம்.

யந்திரம் ஓய்ந்தபோது மனிதன் கையால் காரியம் நடத்தவேண்டிய நிலை எப்படியிருக்கும் என்பதை நம் நாடும் கண்டிருக்கிறது. 2022 நவம்பர் 23-ஆம் தேதி டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கணிப்பொறிகள் தாக்கப்பட்டபோது, நோயாளிகளைப் பதிவுசெய்வது முதல் பரிசோதனை முடிவுகளைத் தருவது வரை எல்லாம் பல நாட்கள் காகிதத்திலும் பேனாவிலும் நடந்தன. அங்கே தாக்கப்பட்டவை சர்வர்கள். குழாய் நிலையங்களும் அதே வலைப்பின்னலில் தொங்கும் ஓர் ஆஸ்பத்திரியில், காகிதத்தில் எழுதிய சீட்டையும் ரத்தத்தையும் எடுத்துச் செல்லும் வழியும் கூடவே அடைபட்டுப்போகும்.

யாருடைய பொறுப்பு?

ஆஸ்பத்திரி நிர்வாகத்தின் அமைப்பிலேயே இந்தப் பிரச்சினையின் வேர் இருக்கிறது. குழாயையும் புளோயரையும் கட்டடப் பராமரிப்புப் பிரிவு பார்த்துக்கொள்கிறது. அவர்களுக்கு மென்பொருள் தெரியாது. வலைப்பின்னலைக் கணிப்பொறிப் பிரிவு காக்கிறது. சுவரில் இருக்கும் அந்தப் பலகையும் ஒரு கணிப்பொறிதான் என்பது அவர்களுடைய பட்டியலில் இருப்பதில்லை. வைத்தியக் கருவிகளைப் பரிசீலிக்கும் பொறியாளர், நோயாளியின் உடம்பைத் தொடாத இந்தச் சாதனத்தைத் தம் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டதாகக் கருதுகிறார். ரத்தம் உடைந்து வருகிறதென்பதை முதலில் அறிபவர் பரிசோதனைக்கூடத்து டெக்னீஷியன். அவரோ மாதிரி சரியில்லை என்று வார்டுக்குச் சொல்வாரேயொழிய, ஒரே நிலையத்திலிருந்து வருபவைதாம் மீண்டும் மீண்டும் உடைகின்றன என்பதைப் புளோயர் அறையில் இருப்பவருக்குச் சொல்ல அவருக்கு வழி வகுக்கப்பட்டிருக்கவில்லை. நால்வரும் தத்தம் கடமையைச் செவ்வனே செய்தும், நால்வருக்கும் இடையே இருக்கும் வெளியில் நோயாளி விழுந்துவிடுகிறார். இந்த நால்வரையும் மாதம் ஒரு முறை ஒரே மேஜையில் உட்காரவைத்து, குழாய் அமைப்பு முழுவதற்கும் பொறுப்பாளர் இன்னார் என்று ஒருவரை நியமித்துவிட்டால், இந்தக் கட்டுரையில் சொன்ன கேடுகளிற் பெரும்பாலானவை தலையெடுக்கா.

நம் ஊர் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அட்டெண்டரோ, பல சமயங்களில் நோயாளியின் உறவினரோ, ரத்தக் குழலைக் கையில் பிடித்தபடி லேப் எங்கே என்று கேட்டுக்கொண்டு நடப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெருநகரங்களின் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளில் காற்றுக் குழாய்கள் ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்டன. புதிதாகக் கட்டப்படும் ஆஸ்பத்திரிகளில் இவை மேலும் பரவும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. பரவவேண்டும் என்பதே நம் விருப்பமும். ஆனால் திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் பணம் பத்தாம் வருஷப் பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை என்பது நம் பொதுக் கட்டடங்களின் லிப்டுகளையும் குடிநீர் யந்திரங்களையும் பார்த்த எவரும் அறிந்த செய்தி. மேலை நாடுகள் அனுபவித்துக் கற்றதை நாம் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். கொள்முதல் ஒப்பந்தத்திலேயே, இத்தனை வருஷங்களுக்கு மென்பொருள் திருத்தம் தரவேண்டும், கடவுச்சொற்களை ஆஸ்பத்திரியே மாற்றிக்கொள்ள இடம் வேண்டும், ஒவ்வொரு மாறுதலுக்குப் பிறகும் ரத்த மாதிரிகளைக் கொண்டு சோதித்துக் காட்டவேண்டும் என்ற நிபந்தனைகளைச் சேர்க்கலாம். இவற்றைக் கேட்பதற்கு விற்பவர் பணிந்து நிற்கும் வேளை கையெழுத்துப் போடுவதற்கு முன்புதான்.

ஆகவே, காற்றுக் குழாய் உள்ள ஒவ்வோர் ஆஸ்பத்திரியின் நிர்வாகிக்கும் எங்கள் வேண்டுகோள் இது. அடுத்த தடவை வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் உங்கள் மேஜைக்கு வரும்போது, வடிகட்டியும் பட்டையும் மாற்றும் பத்திகளைப் படித்ததோடு கையெழுத்திட்டுவிடாதீர்கள். நிலையங்களின் மென்பொருளைக் கடைசியாக எந்தத் தேதியில் புதுப்பித்தார்கள், ரத்த மாதிரிகளைக் கையாலும் குழாயாலும் அனுப்பி ஒப்பிட்டுப் பார்த்த கடைசித் தேதி எது என்று கேளுங்கள். இரண்டு தேதிகளையும் எழுத்தில் பெற்ற பிறகு கையெழுத்திடுங்கள்.